பெல்ட்டின் கடைசி நாற்காலி

1978, பிப்ரவரி 6

காலையில் பேருந்துக்கு நிற்கும்போதே என் கண் இமை ஒட்டிக்கொண்டது. அப்படிக் குளிர். ஃபாயினா கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் கண்ணைப் பொத்தி இளக்கிவிட்டாள். “திறந்து என்னத்தடி பார்க்கப் போறே தோஸ்யா? அதே சவேலிச் மூஞ்சிதானே” என்றாள்.

அதே மூஞ்சிதான். ஆனால் எங்கள் ஷிப்டை மேய்க்கிற மாஸ்டர் சவேலிச்சின் தலையில் புது ரோமத் தொப்பி. பெல்ட் ஓடத் தொடங்குமுன் ரொம்பப் பணிவாகக் கேட்டேன்: “ஏன் சவேலிச், இது உயிரோட இருந்தப்போ குரைச்சுதா, மியாவ்னு கத்துச்சா?” சிரித்த சிரிப்பில் ஃபாயினாவுக்கு விக்கல் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்!

அப்புறம் நாள் முழுக்கப் பஞ்சுதான். பேர்தான் பஞ்சு, கடித்தால் பல் போகும். சாம்பல் நிறத்தில், ஓட்டை ஓட்டையாக, டைட்டானியக் கட்டி. பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். மஞ்சள் பூத்ததும் நீலம் பூத்ததும் சூட்டில் காற்றுப் பட்டுக் கெட்டுப்போனவை. பொறுக்கி எறிய வேண்டும். நாங்கள் நாலு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாவது ஃபாயினா, கடைசி நாற்காலி எனக்கு. நான் விட்டதை எடுக்க எனக்குப் பின்னால் ஆள் இல்லை. நேராக பிரஸ்ஸுக்குப் போய், அலுமினியம் சேர்ந்து கட்டையாகி, உலையில் உருகி, என் வீட்டுக்காரர் வேன்யா வேலை செய்கிற பட்டறையில் வட்டாக அடிபட்டு, விமான எஞ்சினுக்குள் போய்விடும். கெட்ட துண்டு இரண்டு தடவை உருக்கினாலும் கரையாது. சோற்றில் கல் மாதிரி வட்டுக்குள் கிடக்கும். வட்டு சுற்றும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும்.

வேன்யா சொல்வார்: எஞ்சினில் நெருப்புப் பக்கத்துக்குப் போகிற நிக்கல் கலவை முரட்டு மாமியார், அடிக்கிற அச்சையே உடைக்கும், முன்பக்கத்துக்குப் போகிற நம்ம டைட்டானியம் சொகுசு மருமகள், சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும். அவருடைய அம்மா ஊரில் இருந்து வந்தால் மட்டும் இதைச் சொல்ல மாட்டார்.

பிப்ரவரி 9

இன்று ஃபாயினா விட்டது ஏழோ எட்டோ இருக்கும். எல்லாம் மஞ்சள். நான் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். விளக்கு சரியில்லை என்கிறாள். விளக்கு எனக்கும் அதே விளக்குதான்.

இலையுதிர் காலத்தில் இருந்தே இப்படி. கண்ணில் ஏதோ திரை மாதிரி என்று என்னிடம் மட்டும் சொன்னாள். வருஷாந்தரக் கண் பரிசோதனைக்கு நான் முதலில் உள்ளே போய், டாக்டர் பலகையின் கடைசி வரிகளைப் பார்த்து வந்து அவளுக்கு மனப்பாடம் செய்துவைத்தேன். மேல் இரண்டு எழுத்து ஊருக்கே தெரியும். கீழே உள்ளதற்கு ஒரு பாட்டுக் கட்டினேன், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை. அவள் உள்ளே போய்ச் சிரிக்காமல் ஒப்பித்ததுதான் பெரிய விஷயம்.

வேறென்ன செய்வது? இது கடின வேலை என்பதால் எங்களுக்குச் சீக்கிரமே ஓய்வூதியம் உண்டு. அவளுக்கும் எனக்கும் கொஞ்சம்தான் பாக்கி. இப்போது பெல்ட்டை விட்டு இறக்கினால் அது போச்சு. மற்றவர்களைப் போல வயதாகிற வரை இழுக்க வேண்டும். அவளோ புருஷன் இல்லாதவள். அவள் மூன்றாவது, நான் நான்காவது. அவள் விடுவதை நான் எடுத்தால் ஆயிற்று.

பிப்ரவரி 17

வெள்ளைக் காலணி வந்துவிட்டது! செக் நாட்டுச் சரக்கு. கடைக்கு வந்திருக்கிறதென்று மதியம் சேதி வந்ததும் ஃபாயினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏப்ரலில் அவள் மகள் ரிம்மாவுக்குக் கல்யாணம்.

“நீ போடி தோஸ்யா. நீ வாயாலேயே வரிசைக்கு முன்னால போயிடுவே. நான் போனா ரெண்டும் இடது கால் செருப்பா வாங்கிட்டு வருவேன்.”

“பெல்ட்?”

“நான் உன் நாற்காலில உட்கார்றேன். சவேலிச் மீட்டிங்குக்குப் போயாச்சு.”

“உனக்குக் கண்ணு தெரியுமா?”

“என்ன, குருடின்னு முடிவே பண்ணிட்டியா?”

போனேன். எல்லோரும் போகிறதுதானே. போன வாரம்தான் முதல் இரண்டு நாற்காலிக்காரிகளும் தொத்திறைச்சி வாங்கக் கடைக்குப் போனார்கள், நாங்கள் இருவரும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டோம். வரிசையில் ஒரு கர்னல் பெண்டாட்டியிடம் என் மகள் பிரசவ வலியில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று சொல்லி முன்னால் நுழைந்தேன். எனக்கு மகளே கிடையாது. ஷிப்ட் முடிவதற்குள் டப்பாவோடு வந்துவிட்டேன்.

ஃபாயினா காலணியை முகர்ந்து பார்த்து அழுதாள். கல்யாணத்தில் விருந்து மேசையை நடத்துவது, வாழ்த்துச் சொல்லிக் கோப்பை தூக்க வைப்பது எல்லாம் நான்தான். இப்போதே எழுதித் தயார் செய்யணும்.

மார்ச் 7

நாளைக்குப் பெண்கள் தினம். சவேலிச் ஆளுக்கொரு மிமோசாக் கொத்துக் கொடுத்தார். “பாருங்க, மஞ்சளாப் பூத்திருக்கு, பொறுக்கி எறிஞ்சிடட்டுமா?” என்று கேட்டேன். அவரே சிரித்துவிட்டார்.

மார்ச் 14

வேன்யா சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. பட்டறைச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போச்சு. அதனால் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார். ஒரு வட்டை ஒலி விட்டுச் சோதிக்கும்போது உள்ளே புள்ளி காட்டியதாம். அறுத்துப் பார்த்தார்களாம். எள் அளவு. பளபளவென்று, அரம் ஏறாத கடினம்.

“எந்த நாள் பஞ்சுல உருக்கினது?” என்று கத்தினேன்.

வட்டின் முதுகில் அடித்திருக்கும் எண்ணில் எல்லாம் தெரியும். எங்கள் ஷிப்ட். பிப்ரவரி பதினேழு.

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

மார்ச் 15

ஃபாயினா இன்று என்னோடு பேருந்தில் வரவில்லை. முன்பே போய்விட்டாள்.

ராத்திரி முழுக்க யோசித்து முடிவு பண்ணிவிட்டேன். காலணி வரிசைக்குப் போனேன் என்று சொன்னால், வேலையை விட்டுப் போன குற்றம் எனக்கு. அவள் தனியாக இருந்தாள், பார்க்கவில்லை என்று அவள் கண்ணும் வெளியே வரும். முன்னால் இருக்கிற இருவரும் வாய் திறக்க மாட்டார்கள், தொத்திறைச்சி தொண்டையில் இருக்கிறது. ஆகவே: “நாங்க ரெண்டு பேரும் இருந்தோம், ரெண்டு பேரும் விட்டுட்டோம்.” திட்டை ஆளுக்குப் பாதி வாங்கிக்கொள்வது. போனஸ் போகும். போகட்டும். அவளும் இதைத்தான் சொல்வாள். இதையெல்லாம் நாங்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

மார்ச் 16

அவளை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். பாவம், திட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்தேன் நான்!

உள்ளே மூன்று பேர். பெரிய அலுவலகத்தில் இருந்து வந்த இரண்டு ஆட்கள், சவேலிச். நான் என் பாதிப் பாதிக் கதையைத் தொடங்கினேன். சவேலிச் கையைத் தூக்கினார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அன்னைக்கி நீ கடைசி நாற்காலில உட்கார்ந்து பெல்ட்டைப் பார்க்காம எல்லாரையும் சிரிக்க வச்சிட்டு இருந்தேன்னு ஃபாயினா சொல்றா. ‘குரைச்சுதா, மியாவ்னு கத்துச்சா’ன்னு என் தொப்பியைப் பத்திக் கேட்டியாமே. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்களாம். அப்பதான் துண்டு போயிருக்கணும்னு சொல்றா.”

என் ஜோக்கை அவர் வாயால் கேட்டேன். சவப் பரிசோதனை அறிக்கையைப் படித்தது மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

அது ஆறாம் தேதி ஜோக்! அவரிடமே கேட்டது, அவருக்கும் தெரியும், அதனால்தான் தரையைப் பார்க்கிறார். அதை எடுத்துப் பதினேழாம் தேதியில் வைத்திருக்கிறாள். புதுசாக ஒரு பொய்கூட அவளால் செய்ய முடியவில்லை. என்னிடம் இருந்தே எடுத்திருக்கிறாள்.

நான் வாயைத் திறந்தேன். “நான் அங்கே இல்லவே இல்லை” என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை? அந்த நிமிஷம்கூட அவள் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேனே — எப்பேர்ப்பட்ட முட்டாள்!

மார்ச் 17

குளியல் அறையில் பிடித்தேன். ஷவருக்குக் கீழே நின்றிருந்தாள். இரண்டு பேரும் அம்மணமாக நின்றுகொண்டு சண்டை போட்டோம், இந்த வயதில்.

“ஏண்டி சொன்னே?” என்றேன். “செருப்பு வாங்கப் போனவளடி நான். உன் பொண்ணுக்கு!”

“கத்தாதே.”

“உன் கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா நான்? சொல்லு, சொன்னேனா?”

அவள் தண்ணீரை நிறுத்தினாள். நிதானமாகத்தான் பேசினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

“உனக்கென்னடி தோஸ்யா. உன்னை எங்க தூக்கிப் போட்டாலும் சிரிச்சுட்டு எழுந்திருப்பே. ஊரே உன்னை மன்னிச்சிடும், ஒரு ஜோக் சொன்னாப் போதும். உனக்கு வேன்யா இருக்கான். என்னை யாரு மன்னிப்பா? என்கிட்ட என்ன இருக்கு?”

நான் சிரிப்பவள் என்பதால் எனக்கு வலிக்காது என்று நினைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதைத்தானா? முன்பொரு தடவை வேன்யா சாகக் கிடந்து, அடக்கம் பண்ணப் போகிறார்களோ என்று நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதும் ஜோக்தான் சொன்னேன். அப்போது என் கையைப் பிடித்திருந்தவள் இவள்தான்.

மார்ச் 20

உத்தரவு ஒட்டிவிட்டார்கள். என்னைப் பெல்ட்டில் இருந்து பீப்பாய் கழுவும் கொட்டகைக்கு மாற்றியாயிற்று. அது கடின வேலைக் கணக்கில் வராது. சீக்கிர ஓய்வூதியம் போச்சு. கடைசி நாற்காலி ஃபாயினாவுக்கு.

வேன்யாவிடம் சொன்னேன். “ஃபாயினா காட்டிக் கொடுத்துட்டா.”

“என்ன கொடுத்தா?”

“காட்டிக் கொடுத்துட்டா!”

“நல்லது, நாமளும் ஏதாவது திருப்பிக் கொடுக்கணும்” என்றார்.

சிரித்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவர் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அது சிரிப்பில்லை என்று எனக்கே தெரிந்தது.

மார்ச் 27

பஞ்சு வருகிற பீப்பாய்களைக் கழுவி, காயவைத்து, திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே ஒரு துளி ஈரமோ துருவோ இருந்தால் அடுத்த சரக்கு கெட்டுவிடும். கழுத்து வரை உள்ளே குனிந்து தேய்க்கிறேன். உள்ளே பேசினால் எதிரொலிக்கிறது. நான் பேசுவதில்லை.

உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பட்டறை ஆட்கள் கூப்பிடுகிறார்கள், “தோஸ்யா, ஒண்ணு எடுத்து விடு!” நாக்கு நுனிக்கு வருகிறது. உடனே, இதை யார் எங்கே கொண்டுபோய் வைப்பார்களோ என்று ஒரு பயம். விழுங்கிவிடுகிறேன். ஜோக் பண்ணுகிறவளுக்கு இதுதான் தண்டனை என்றால் போனஸை இன்னும் பத்துத் தடவை பிடித்திருக்கலாம்.

ஏப்ரல் 2

தூக்கம் இல்லை. காரணம் வேறு.

கடைசி நாற்காலியில் அவள். முன்பு அவள் விட்டதை நான் எடுத்தேன். இப்போது அவள் விட்டதை யார் எடுக்கிறார்கள்?

ஒலிச் சோதனை இருக்கிறது என்கிறார்கள். வேன்யாவைக் கேட்டேன். அது பெரிதைக் காட்டும், சின்னது சில சமயம் ஒளிந்துகொள்ளும் என்றார். அப்புறம் அந்த வட்டு எங்கே போகும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் அதைப் பேச மாட்டோம். தலைக்கு மேலே சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்போம், அவ்வளவுதான்.

போய்ச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும்: பலகையில் எழுத்தை மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்லு தோஸ்யா. ஆகாயத்தில் இருக்கிறவர்களுக்காகவா சொல்லப் போகிறாய், அவளைக் கவிழ்க்கவா?

தெரியவில்லை. இரண்டும் ஒரே தட்டில் இருக்கிறது. பிரிக்க முடியவில்லை.

ஏப்ரல் 5

அவள் வீட்டுக்கே போனேன். ரிம்மா கதவைத் திறந்து, “தோஸ்யா அத்தை!” என்று கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கூடத்தில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள், வெள்ளைக் காலணியைப் போட்டுக்கொண்டே; பழக வேண்டுமாம்.

ஃபாயினா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஊறுகாய்க் காளானை எடுத்து வைத்தாள், தேநீர் ஊற்றினாள். கோப்பை நிறைந்து வழிந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

“நீயே போய்ச் சொல்லிடு,” என்றேன். “கண்ணுல புரை. அறுவை பண்ணினா சரியாயிடும். நாற்காலியை விட்டு இறங்கு.”

“இறங்கினா?”

“என்னை மாதிரி ஆயிடுவே. நான் செத்தா போயிட்டேன்?”

“ஓய்வூதியம் வந்ததும் பண்ணிக்கிறேன்.”

“அதுவரைக்கும் மஞ்சத் துண்டு உனக்காகக் காத்திருக்குமா?”

“சோதிக்கிற கருவி இருக்கு. பார்த்துக்கும்.” பிறகு, என்னை நேராகப் பார்த்து — பார்த்தாளா, என் முகம் இருக்கும் திசையையா — சொன்னாள்: “உனக்கு அந்த நாற்காலி வேணும். அதுக்குத்தானே வந்தே?”

காளானைத் தொடாமல் எழுந்து வந்தேன். வாசலில் ரிம்மா, “வாழ்த்தெல்லாம் எழுதிட்டீங்களா அத்தை?” என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 7

சவேலிச்சிடம் சொல்லிவிட்டேன்.

கண்ணைச் சொன்னேன். எழுத்துப் பலகையைச் சொன்னேன், அந்தப் பாட்டைக் கட்டினது நான் என்றும் சொன்னேன். பதினேழாம் தேதி நான் செருப்பு வரிசையில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். நாற்காலிக்காக வந்தேன் என்று அவளோ நானோ நினைக்க வழி இருக்கக் கூடாது.

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“செருப்பு விஷயம் என் காதுல விழல. விழுந்தா முதல்ல என் தலை போகும், அப்புறம் பாதி ஷிப்ட். கண்ணு விஷயம் விழுந்துச்சு.” தொப்பியைத் திருப்பி வைத்துவிட்டு, “அப்ப அந்த இடத்துக்கு உன்னைத் திரும்ப—”

“வேணாம்.”

“ஏம்மா, கோபமா?”

“வேற கண்ணு போடுங்க சவேலிச். சின்ன வயசுக் கண்ணா.”

வெளியே வந்தபோது பனி உருகிக் கூரையில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஏப்ரல் 15

கல்யாணம். நான் போகவில்லை. பல் வலி என்று சொல்லி அனுப்பினேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் வீடு. அக்கார்டியன் இங்கே வரை கேட்டது. யாரோ வாழ்த்துச் சொன்னார்கள். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் எல்லாம் கைதட்டல்தான் வந்தது.

வேன்யா போனார். பரிசாக, அவரே அடித்த டைட்டானிய மண்வாரி, ரிப்பன் கட்டி. இந்த ஊரில் எந்தப் புதுமணத் தம்பதியும் அது இல்லாமல் உருளைக்கிழங்கு தோண்டியதில்லை. திரும்பி வந்ததும், “ரொம்ப நல்லா இருந்துச்சு, ஒண்ணும் காதுல விழல” என்றார். கோட்டுப் பையில் இருந்து எனக்காக ஒரு துண்டு கேக் எடுத்தார், நசுங்கி இருந்தது.

“ஃபாயினா?” என்றேன், சைகையில்.

“உன் நாற்காலியைக் காலியா வச்சிருந்தா. யாரையும் உட்கார விடல.”

கேக்கைச் சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 20

கண் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். புதுப் பலகையாம்.

ஏப்ரல் 25

காலையில் கொட்டகைக் கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸ், ரப்பர் ஏப்ரன், தலையில் முக்காடு. ஃபாயினா. பீப்பாய் கழுவ.

பிரஷ்ஷை நான் எடுத்துக்கொண்டேன், குழாயை அவளிடம் கொடுத்தேன். மதியம் வரை தண்ணீர்ச் சத்தம் மட்டும். இலையுதிர் காலத்தில் அறுவைக்கு நாள் கொடுத்திருப்பதாக அவள் பீப்பாயிடம் சொன்னாள். நானும் பீப்பாயிடம்தான் “நல்லது” என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது இதற்கு மேல் தாங்கவில்லை.

“நான்தான் சொன்னேன்.”

“தெரியும்.”

“யாரு சொன்னா? சவேலிச்சா?”

“யாராவது சொல்லணுமா என்ன? அந்த எழுத்தை நான் மனப்பாடம் பண்ணினது உன்னைத் தவிர யாருக்குடி தெரியும்?”

அவள் கறுப்பு ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை குரலில்.

“நீ சொன்னது நடக்காதது,” என்றேன். “நான் சொன்னது உண்மை. ரெண்டும் ஒண்ணு இல்ல.”

“இல்லைதான். அந்த வித்தியாசத்தைப் போட்டு சூப் வை, ரெண்டு பேரும் குடிப்போம்.”

வழக்கமாக இப்படிச் சொல்வது நான். இந்தத் தடவை அவள் சொன்னதுதான் நல்ல ஜோக். நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் பெரிய பீப்பாய்கள் வந்தன. ஒற்றை ஆளால் சாய்க்க முடியாது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாய்த்து, அவள் உள்ளே குனிந்து தேய்த்து, முடிந்தது என்றாள். எட்டிப் பார்த்தேன். அடியில் ஓர் ஓரத்தில் துரு அப்படியே இருந்தது. நானே எட்டித் தேய்த்துவிட என் கை போயிற்று.

நிறுத்திக்கொண்டேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளே இழுத்து, விரல்களை அந்தத் துருவின் மேல் வைத்தேன்.

“இங்க” என்றேன்.

தடவிப் பார்த்தாள். பிரஷ்ஷை வாங்கித் தேய்க்கத் தொடங்கினாள்.